வீணாக்க ஒரு பலகை

சில ஆண்டுகளுக்கு முன், மர அலமாரி செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் போய்ச் சொன்னேன். "என்ன அளவுன்னு சொல்லுங்க டீச்சர், நானே செஞ்சு தர்றேன்" என்றார். செய்து தர வேண்டாம், கற்றுத் தாருங்கள் என்று மூன்று முறை சொன்ன பிறகும் அளவையே கேட்டார். பிறகு வேறொரு நகரில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டிப் போனேன். அங்கே என் வாள் கோட்டைவிட்டு விலகியதும் பயிற்றுநர் சிரித்துக்கொண்டே அதை என் கையிலிருந்து வாங்கி, "விடுங்க மேடம்" என்று நேராக அறுத்துக் கொடுத்தார். அடுத்த மேசைப் பையனின் வாளும்தான் விலகியது. அவனுக்கு இன்னொரு பலகைத் துண்டு கொடுத்தார்கள். மாலையில் நான் ஓர் அழகான மரத்தட்டோடு வீடு திரும்பினேன். அவனுடைய தட்டு கோணலாக இருந்தது. ஆனால் அவன் அறுக்கக் கற்றிருந்தான்.

அந்த இன்னொரு பலகைத் துண்டைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மரவேலை பற்றிய மூன்று நூல்களை இங்கே வாசிக்கிறேன்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிலை, கதவு, உத்தரம் செய்யும் தச்சிலிருந்து பிரிந்து ஆங்கிலத்தில் 'கேபினட் மேக்கிங்' என்று தனிப்பெயர் பெற்றது இது. ஆணியை நம்பாமல் ஒரு பலகையின் நுனியை இன்னொன்றில் கோக்க வேண்டும். இழுப்பறை தடையில்லாமல் ஓட வேண்டும். மரம் ஈரத்தை வாங்கினால் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. இதைக் கணக்கில் கொள்ளாமல் இறுக்கிப் பூட்டிய பலகை ஒரு கோடையில் வெடித்துவிடும். இவை எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. உளியை எந்தச் சாய்வில் பிடித்தால் மரம் பிளக்காமல் சீவலாக வரும் என்பது மட்டும் சில பலகைகளைப் பிளந்த பிறகுதான் கைக்குத் தெரியும்.

முதல் நூல் ஜேம்ஸ் கிரெனோவ் 1976இல் வெளியிட்ட 'எ கேபினட்மேக்கர்ஸ் நோட்புக்'. சைபீரியாவில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, ஸ்வீடனில் கார்ல் மால்ம்ஸ்டனின் பள்ளியில் பயின்றவர் கிரெனோவ். தன்னை 'அமெச்சூர்' என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை. அன்பு செலுத்துதல் என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. ஒரு பலகையின் நிறத்தையும் வரியோட்டத்தையும் பார்த்து, அது என்னவாக விரும்புகிறது என்று காத்திருக்கும் மனிதரை இந்நூலில் காண்கிறோம். இந்த வேலையின்மேல் எனக்கு ஆசை வந்ததே இதைப் படித்துத்தான். ஆனாலும் இரண்டாம் வாசிப்பில் வேறொரு கேள்வி எழுந்தது. இப்படிக் காத்திருக்கும் நேரத்தை வீட்டில் யார் உண்டாக்கித் தருகிறார்கள்? ஆண் சம்பளத்துக்கு அல்லாமல் செய்வது கலை. பெண் செய்தால் அது பொழுதுபோக்கு. சமையல் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிரெனோவின் நூல் என்னிடம் அன்பைக் கேட்கிறது. அந்த அன்புக்கு வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக் காலையை எப்படிப் பெறுவது என்று எனக்குச் சொல்லவில்லை. கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக்கில் 1981இல் அவர் தொடங்கிய பயிற்சியில், மாணவர்கள் தங்கள் மர இழைப்புளியைத் தாங்களே செய்துகொள்வார்கள். பின்னாளில் அந்தப் பள்ளியை நடத்தும் பொறுப்புக்கு லாரா மேஸ் என்ற பெண் வந்தார்.

இரண்டாவது நூல் இதைவிடப் பழையது. ஸ்வீடனின் நாஸ் என்ற ஊரில் 1870களில் ஓட்டோ சாலமன் ஆசிரியர்களுக்கு மரவேலைப் பயிற்சி தொடங்கினார். 'ஸ்லாய்ட்' என்று பெயர். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். கத்தியால் செதுக்கும் சிறு பொருளில் தொடங்கி, ஒவ்வொரு பொருளும் ஒரு புதிய திறனைக் கேட்கும்படி வரிசை அமைத்தார். ஆசிரியர்களுக்கான அவருடைய கையேட்டில் ஒரு விதி உண்டு: மாணவரின் வேலையில் ஆசிரியர் கை வைக்கக் கூடாது. சொல்லலாம், வேறொரு துண்டில் செய்து காட்டலாம். மாணவர் கையில் இருப்பது மாணவருடையது. இதைப் படித்தபோதுதான் பயிற்சி வகுப்பில் எனக்கு நடந்தது என்னவென்று புரிந்தது. அந்த மனிதர் என்னை அவமதிக்கவில்லை. உதவினார். உதவியின் பெயரால் என் பிழையைப் பறித்துக்கொண்டார். பிழை போனபோது பாடமும் போய்விட்டது.

ஆனால் சாலமனை அப்படியே ஏற்க முடியவில்லை. ஸ்லாய்டைக் கைவினைஞர் அல்ல, பள்ளி ஆசிரியர்தான் கற்பிக்க வேண்டும் என்கிறார் அவர். காலமெல்லாம் மரத்தோடு வாழ்ந்தவரை ஒதுக்கிவிட்டு, அவருடைய அறிவை மட்டும் வகுப்பறைக்குள் எடுத்துவருவது நமக்கும் பழக்கமான வழிதான்.

மூன்றாவது, டெய்ட்ரே விஸ்ஸர் எழுதி 2022இல் வந்த 'ஜாயினரி, ஜாய்ஸ்ட்ஸ் அண்ட் ஜெண்டர்'. மரவேலையில் பெண்கள் புதிதாக நுழையவில்லை, அவர்களின் பெயர்கள்தான் பதிவாகவில்லை என்பதை வரலாற்றின் வழியே காட்டும் நூல். அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் மரச்சாமான் வடிவமைப்பில் முதுகலை பெற்ற முதல் இரண்டு பெண்களில் ஒருவர் வெண்டி மருயாமா. செவித்திறன் குறைவுடைய அவர் பின்னர் சான் டியேகோவில் அந்தத் துறையையே வழிநடத்தினார். எங்களைப் போன்றவர்களுக்கு முன்னோர் இருக்கிறார்கள் என்று அறிவது எளிய உதவி அல்ல. ஆனால் இந்த நூலின் வழியாகவும் நம் ஊர்ப் பட்டறைக்குள் நேராகப் போய்விட முடியாது. இங்கே வாசலில் ஆண் என்பதோடு சாதியும் நிற்கிறது. தச்சு தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் தொழில்.

அதனால் ஆசாரியிடம் மறுபடி போனேன். முதல்முறை நான் கேட்ட விதமே தவறு என்று அதற்குள் தெரிந்திருந்தது. நாள்கூலிக்கு வேலை செய்பவரிடம், அவருடைய நேரத்தை ஓர் உபகாரமாகக் கேட்டிருக்கிறேன். இம்முறை ஞாயிறு காலைக்கு அரைநாள் கூலி பேசினேன். ஒரு நிபந்தனையும் வைத்தேன்: என் பலகையில் அவர் கை வைக்கக் கூடாது. சிரித்தார். முதல் நாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான்கு ஞாயிறுகள் சாணைக்கல்லில் உளி தீட்டியதோடு போயின. அதற்குப் பிறகு எத்தனை துண்டுகளை வீணாக்கினேன் என்று நான் எண்ணவில்லை. அவர் எண்ணியிருப்பார்.

ஒருநாள் அவருடைய மகளைப் பற்றிக் கேட்டேன். பி.காம். படிக்கிறாள். சீவல் குவியலில் விளையாடி வளர்ந்தவள். "உளி பிடிக்கக் கத்துக் குடுத்தீங்களா?" என்றேன். "அவளுக்கு எதுக்கு டீச்சர்?" என்றார். கூலி கொடுக்க முடிந்த எனக்குக் கிடைத்தது, வீட்டுக்குள்ளேயே இருந்தவளுக்குக் கிடைக்கவில்லை. 'அமெச்சூர்' என்ற சொல்லின் அழகு அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கசந்தது. இந்தக் கேள்வியை மூன்று நூல்களில் எதுவும் எனக்காகக் கேட்டுத் தரவில்லை. நான் கேட்டது போதும் என்றும் நினைக்கவில்லை.

எந்தக் கைவேலையானாலும் கற்கப் போகும் மாணவியருக்கு நான் சொல்வது இதுதான். கட்டணம் எவ்வளவு, கடைசியில் என்ன செய்து எடுத்துப்போகலாம் என்று கேட்பதற்கு முன், அங்கே நடக்கும் வகுப்பு ஒன்றை உட்கார்ந்து பாருங்கள். பெண்ணின் கையில் கருவி வழுக்கும்போது கற்பிப்பவரின் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். வீணாக்க எத்தனை பலகை தருவீர்கள் என்று கேளுங்கள். கருவி தீட்டச் சொல்லித் தருவார்களா என்றும் கேளுங்கள். தீட்டத் தெரியாதவள் ஒவ்வொரு முறையும் இன்னொருவரை எதிர்பார்த்தே வேலை செய்ய வேண்டியிருக்கும்.

என் அலமாரி முடிந்துவிட்டது. மேல் இழுப்பறை மழைக்காலத்தில் சிக்குகிறது. எங்கே சிக்குகிறது, எவ்வளவு இழைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கோடை வரட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.