மதகு திறக்காத ஏரி

பெங்களூரு குளித்துக் கழுவிவிட்ட தண்ணீர் 2018 ஜூனில் குழாய் வழியாகக் கோலார் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது. நரசாபுரம் பக்கத்து லட்சுமிசாகர ஏரியில்தான் முதலில் விழுந்தது. கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் என்பது ஏட்டுப் பெயர். ஊர் வாயில் அது கே.சி. வேலி. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து 126 ஏரிகளில் விடுவதாகத் திட்டம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத, ஆயிரம் அடிக்குக் கீழே துளைத்தாலும் புழுதி கக்கிய மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை. கைவிட்டுப்போன ஆழ்துளைப் போர்களில் தண்ணீர் ஏறியது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்ததை இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்களும் பதிவு செய்தார்கள். காய்ந்து கிடந்த ஏரியில் அலையடிப்பதைப் பார்த்த விவசாயியிடம் போய் இந்தத் திட்டம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் நிரம்பிய ஏரியின் மதகு மூடியே இருக்கிறது. இந்தத் தண்ணீரை நேரே வயலுக்குப் பாய்ச்சக்கூடாது, நிலத்தடிக்கு மட்டுமே என்பது திட்டத்தின் நிபந்தனை. சுத்திகரிப்பின் தரத்தை நினைத்தால் நியாயமான நிபந்தனைதான். விளைவைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரை ஆயக்கட்டுக்குப் பங்கிட்டவர் நீர்கண்டி. நம் பக்கத்தில் நீர்க்கட்டி என்போம். பெரும்பாலும் தலித் குடும்பத்தவர். கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருந்தவருக்கும் முறை வைத்துத் தண்ணீர் விட்டது அவர் கைதான். இப்போது அதே ஏரித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, யாருடைய போர் ஆழமோ, யாருடைய மோட்டாருக்குக் குதிரைத்திறன் அதிகமோ அவர் நிலத்தில் ஏறுகிறது. ஊருக்குப் பொதுவாக வந்த தண்ணீர் தரைக்குக் கீழே போனதும் தனிச்சொத்தாகிவிட்டது. ஓடைக்கரையில் மோட்டார் வைத்துத் திருட்டுத்தனமாக இறைப்பவர்களும் உண்டு. அதிலும் மோட்டார் வாங்க வக்குள்ளவர்தான் முந்துகிறார்.

ஏறிய தண்ணீர் பெரும்பாலும் தக்காளிக்குப் போகிறது. சொட்டுநீர்க் குழாய், நிலப்போர்வைத் தாள், மானியம் என்று எல்லாம் சேர்ந்து ஒரு ஏக்கருக்கான தண்ணீரைக் குறைத்தது உண்மை. மிச்சமான தண்ணீர் நிலத்தடியில் தங்கியதா என்றால் இல்லை. பக்கத்து ஏக்கரிலும் தக்காளி ஏறியது. 2023 ஜூலையில் 15 கிலோ பெட்டி கோலார் மண்டியில் 2,000 ரூபாயைத் தாண்டியபோது கொடுத்து வைத்தவர்கள் சம்பாதித்தார்கள். விலை விழும் மாதங்களில் அதே பெட்டியைச் சாலையோரம் கொட்டுவதும் இதே ஊரில்தான்.

இங்கே புதுமைகளுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1980களில் சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் கேழ்வரகு நிலங்களில் தைலமரம் ஏறியது. நட்டவருக்குக் காவலும் வேண்டாம், களையும் வேண்டாம். களை எடுத்தும் கதிர் அறுத்தும் பிழைத்தவர்களுக்குக் கூலி போயிற்று, கேழ்வரகும் போயிற்று. 2017இல் அரசு புதிதாக நடுவதைத் தடை செய்தபோது நிலத்தடி நீர்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. போன கூலி நாள்களைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை.

அதே கூலி வர்க்கம் கோலார் தங்கவயலிலும் இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்து சுரங்கத்துக்கு வந்த குடும்பங்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியபோது கைவசம் காலனி வீடு இருந்ததே தவிர காணி நிலம் இருந்ததில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அவர்கள் பகலெல்லாம் உழைத்துக் கழுவும் நகரத்தின் தண்ணீர் அவர்கள் மாவட்டத்துக்கே வருகிறது. அதில் அவர்களுக்குப் பங்கு என்று எந்த ஏட்டிலும் எழுதவில்லை. ஏரிக்கரையோரம் தீவன நிலம், நிலமற்ற பெண்கள் குழுக்களுக்குப் பொதுப் போர், கறவை மாட்டுக்குப் பசுந்தீவனம் என்று இதே திட்டத்துக்குள் பங்கு வைத்திருக்க முடியும். பாலுக்குப் பேர்போன மாவட்டத்தில் இது ஆகாத காரியமில்லை.

இன்னொரு குறை தண்ணீரிலேயே இருக்கிறது. தண்ணீர் வந்த மறுமாதமே லட்சுமிசாகரத்தில் நுரை பொங்கியது. கர்நாடக உயர் நீதிமன்றம் தண்ணீர் விடுவதை நிறுத்தியது, பிறகு அனுமதித்தது. இதை எதிர்த்துப் போராடிய ஆஞ்சனேய ரெட்டி போன்றவர்கள் மேலே போனதில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை போட்டு, சில மாதங்களில் விலக்கியது. போராடியவர்கள் கேட்டது மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு. இரண்டாம் நிலையோடு நின்றால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தங்கிவிடும். மண் வடிகட்டும் என்று நம்பி விடுகிறார்கள். சாயக்கழிவும் சோப்பும் கலந்த நகரக் கழிவுநீர் விஷயத்தில் அந்த நம்பிக்கை எனக்கில்லை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பறப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கோலார் ஏரிகளின் உபரி பாலாற்றிலும் தென்பெண்ணையிலும் இறங்கும். கோலார் தக்காளி கோயம்பேட்டுக்கும் வருகிறது. ஏரிவாரியாக, போர்வாரியாக எடுத்த நீர்ப் பரிசோதனை முடிவை மாதம் ஒருமுறை ஊர்ச் சாவடியில் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் ஒட்டுவதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டியதில்லை, ஒரு பஞ்சாயத்துத் தீர்மானம் போதும்.