சீடர்கள் செய்த குரு

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரைக்கு அண்மையில் உள்ள ஏலாக்குறிச்சியை அறியாத தமிழகக் கத்தோலிக்கர் குறைவு. அடைக்கல அன்னைக்கு அங்கே ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர் நமக்குத் தேம்பாவணியை மட்டும் விட்டுச் செல்லவில்லை. பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் விட்டுச் சென்றார். அக்கதையில் ஒரு நிகழ்ச்சி. குருவின் தலைப்பாகை வழியில் விழுகிறது. சீடர் எவரும் எடுக்கவில்லை. விழுவதை எடுக்க வேண்டாமா என்று குரு கடிந்துகொள்ள, குதிரை இட்ட லத்தியையும் ஏந்தி வருகின்றனர். சலிப்புற்ற குரு, எவற்றை எடுக்கவேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தருகிறார். பின்னர் குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் பட்டியலைப் படித்துப் பார்க்கின்றனர். எடுக்கவேண்டியவற்றுள் குரு இல்லை!

நாம் சிரிக்கிறோம். ஆயின் சிரித்து முடித்தபின் ஒரு வினா எஞ்சுகிறது. குருவைக் குருவாக்கியவர் யார்? அந்தச் சீடர்கள் அல்லரோ? இன்றைய திரை ரசிகர்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இவ்வினா நம் முன் வந்து நிற்கிறது.

ஒரு காலத்தில் ரசிகன் என்பவன் சுவரொட்டி ஒட்டுபவன், கொடி கட்டுபவன், நடிகரின் நெடும் உருவப் பலகைக்குப் பாலூற்றுபவன். உருவத்தை வரைவதற்கு ஓவியர் ஒருவர் வேண்டும். மன்றம் அமைப்பதற்குத் தலைமையின் ஒப்புதல் வேண்டும். இன்று பெரம்பலூரின் சோளக்காட்டு ஓரத்தில் அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவனுக்கு இவை எவையும் வேண்டா. கையில் உள்ள கைப்பேசியே அவனுக்கு ஓவியக்கூடம்; அதுவே படத்தொகுப்பு அறை; அதுவே அச்சகம். ஒரு படத்திலிருந்து சில நொடிகளை வெட்டி, வேறொரு படத்தின் இசையோடு பொருத்தி, பறையின் அடிக்கு ஏற்ப அசைவை மெதுவாக்கி, நிறம் மாற்றி, எழுத்துப் பொறித்து அவன் உருவாக்கும் 'எடிட்' பல்லாயிரம் பேரைச் சென்றடைகிறது. அது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது நேர்மையன்று. எதை விடுவது, எதைக் கொள்வது, எங்கே நிறுத்துவது என்ற அறிவு அதில் உண்டு. கலை என்பதன் தொடக்கம் அந்த அறிவே.

அவ்வறிவு திரைப்படத்தையே மாற்றிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. 2019இல் வெளிவந்த 'பேட்ட', 2022இல் வெளிவந்த 'விக்ரம்', 2025இல் வெளிவந்த 'குட் பேட் அக்லி' ஆகிய மூன்றையும் இயக்கியவர்கள், தாங்கள் அந்தந்த நாயகரின் ரசிகர்கள் என்று வெளிப்படையாகக் கூறிக்கொண்டவர்கள். ரசிகன் இயக்குநர் இருக்கையில் அமர்ந்துவிட்டான். பழைய படங்களின் உடை, வசனம், நடை ஆகியவை புதிய படத்துள் மீண்டும் வந்து கைத்தட்டல் பெறுகின்றன. இதில் ஓர் இழப்பும் உண்டு. வெட்டி எடுத்துப் பரப்புவதற்கு ஏற்ற துணுக்குகள் மிகுகின்றன, கதை மெலிகிறது. மாந்தர் வளர்வதில்லை, நாயகர் நுழைகிறார், மீண்டும் நுழைகிறார்.

இவ்விளைஞர்களின் ஆற்றல் எத்திசையில் செல்லும் என்பதை அறிய 2019ஆம் ஆண்டு ஒன்றே போதும். அவ்வாண்டு மே மாதத்தில், சுத்தியலின் படம் ஒன்றை வெளியிட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று முகநூலில் யாரோ வினவ, தமிழ் இளைஞர் ஒருவர், இது விழுந்துதான் நேசமணியின் தலை உடைந்தது என்று விடையிறுத்தார். 2001இல் வெளிவந்த 'ப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம் அது. நேசமணி நலம்பெற வேண்டுவோம் என்று நாடெங்கும் பலர் எழுதினர். எவரையும் புண்படுத்தாத நகை. முன்பின் அறியாத பலர் சேர்ந்து இயற்றிய சிறு நாடகம் என்றே அதனைச் சொல்லலாம். அதே ஆண்டு, சில திங்கள் கழித்து, உயிரோடிருக்கும் நடிகர் விஜய்க்கு இரங்கல் கூறும் சொற்றொடரைப் போட்டி ரசிகர்கள் சமூக வலைத்தளங்களில் பரப்பினர். அதே கருவி, அதே தலைமுறை. முன்னதில் இல்லாத மனிதர் ஒருவருக்கு உயிர் கொடுத்தார்கள்; பின்னதில் இருக்கும் மனிதரைச் சாகடித்தார்கள். முன்னதைப் படைப்பு என்போம். பின்னதற்கு அப்பெயரிட நம் மனம் ஒப்பவில்லை.

விளையாட்டுச் சொல்தானே என்று சிலர் கூறலாம். சொல்லோடு நின்றதா? 2023 சனவரியில் புதுப்பட வெளியீட்டைக் கொண்டாடிய 19 வயது இளைஞர் ஒருவர், சென்னையில் லாரியிலிருந்து குதித்து உயிரிழந்தார். 2025 செப்டம்பர் 13 அன்று விஜய் தமது அரசியல் பரப்புரைப் பயணத்தைத் திருச்சியில் தொடங்கினார். அன்றிரவு அரியலூரில் பெருங்கூட்டம் அவரைக் காணத் திரண்டது; வழியெங்கும் நேரம் கடந்ததால் பெரம்பலூரில் திட்டமிட்டபடி அவரால் பேச இயலவில்லை. நம் ஊர்களில் காத்திருப்பும் ஏமாற்றமும் மட்டுமே நேர்ந்தன. இரண்டு கிழமை கழித்து, செப்டம்பர் 27 அன்று, கரூரில் நெரிசலில் சிக்கி 41 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். எவர் குற்றம் என்று தீர்ப்பது நம் பணி அன்று. ஒன்றை மட்டும் சொல்வோம். காட்சியைப் பதிவுசெய்யக் கைகள் உயர்ந்திருக்கும் இடத்தில், காலடியில் விழுந்தவரைத் தூக்கும் கைகள் குறைந்துவிடுகின்றன. பட்டியலில் இல்லாத மனிதர் பள்ளத்தில் கிடக்கிறார்.

ஆயினும் பட்டியலைத் திருத்த இவ்விளைஞர்களுக்குத் தெரியாமல் இல்லை. அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில், மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர் அனிதா. பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் மருத்துவக் கனவு கைகூடாமல், 2017 செப்டம்பர் 1 அன்று அவர் உயிர் துறந்தார். அந்நாள்களில், நாயகர்களை வரைந்த அதே விரல்கள் அவருடைய முகத்தை வரைந்தன. பலர் அவர் கழுத்தில் மருத்துவரின் இதயத்துடிப்புமானியை அணிவித்து வரைந்தனர். திரையில் ஒருநாளும் தோன்றாத ஒரு சிற்றூர்ப் பெண்ணைத் தமிழகம் முழுதும் அறியச் செய்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. ஆயின் அந்த முகம் அவர்கள் கண்ணில் பட, அவர் இறக்க வேண்டியிருந்தது. இதுவே நம் நெஞ்சைச் சுடுகிறது. வாழும் அனிதாக்களை யார் வரைவது? சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் புழுதியில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளை, சின்ன வெங்காயம் விலை வீழ்ந்த நாளில் பெரம்பலூர் உழவரின் முகத்தை, யார் முப்பது நொடியில் நமக்குக் காட்டுவது?

கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது இதற்கு மருந்தாகாது. நம் வீட்டுப் பிள்ளை தான் செய்த 'எடிட்' ஒன்றைக் காட்ட வரும்போது, நம்மில் எத்தனை பேர் அருகே அமர்ந்து முழுதும் பார்த்திருக்கிறோம்? 'இதை எப்படிச் செய்தாய்?' என்று ஒரு முறை கேட்போம். பெருமையோடு விளக்குவான். 'இங்கே ஏன் வெட்டினாய்? இவரை ஏன் விட்டுவிட்டாய்?' என்று அடுத்துக் கேட்போம். திறனாய்வு தொடங்குவது அங்கேதான். தன் படைப்பைப் பற்றி வினவப்பட்டவன் தன் நாயகரைப் பற்றியும் ஒருநாள் வினவுவான்.

வீரமாமுனிவரின் கதையில், பள்ளத்தில் கிடந்த குருவே தம்மையும் தூக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்த பின்னரே சீடர்கள் அவரைத் தூக்கினர். நம் பிள்ளைகள் அச்சீடர்களைப் போன்ற மூடர் அல்லர். எழுதுகோல் அவர்கள் கையிலேயே இருக்கிறது. யாரை எடுக்கவேண்டும் என்ற பட்டியலில் மனிதரின் பெயரை அவர்களே எழுதுவார்களாக.