செம்மீன்: கற்பு என்னும் கருத்துநிலையும் கடன் என்னும் உண்மையும்

தகழி சிவசங்கரப்பிள்ளை 1956 இல் எழுதிய 'செம்மீன்' நாவலை இராமு காரியாட் 1965 இல் திரைப்படமாக்கினார். அவ்வாண்டின் சிறந்த இந்தியத் திரைப்படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப்பதக்கம் அதற்குக் கிடைத்தது. நாவலோ சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பினூடாகத் தமிழ் வாசகருக்கு நன்கு அறிமுகமானது. மணமான கறுத்தம்மா தன் பழைய காதலன் பரீக்குட்டியைச் சந்திக்கும் இரவிலே கணவன் பழனி கடலில் மடிகிறான். காதலர் இருவரும் பிணமாகக் கரையொதுங்குகின்றனர். இத்துன்பியலுக்குக் காரணம் யாது என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

கதைமாந்தர் கூறும் விடை தெளிவானது. கடலுக்குச் செல்லும் ஆணின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் தங்கியுள்ளது. நெறி தவறின் கடலம்மா பழிவாங்குவாள். தாய் சக்கி மகளுக்குப் போதிக்கும் நியதி இதுவே. தொழிலின் அபாயம் முழுவதையும் பெண்ணின் உடல்மீது சுமத்தும் கருத்துநிலை இது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆயின், கதையின் இயக்கம் வேறொன்றை உணர்த்துகிறது. வள்ளமும் வலையும் வாங்கிவிட வேண்டுமென்ற வேட்கையே செம்பன்குஞ்ஞுவை உந்துகிறது. அவற்றுக்கான பணம் முஸ்லிம் வணிகனான பரீக்குட்டியிடமிருந்து வருகிறது. கடன் தீர்க்கப்படவில்லை, பிடித்த மீனும் வாக்களித்தவாறு அவனுக்கு விற்கப்படவில்லை. காதலனைக் கறுத்தம்மா 'கொச்சு முதலாளி' என்றே விளிக்கிறாள். அவ்விளியிலேயே காதலும் வாணிப உறவும் பிரிக்கவியலாதவாறு பின்னிக் கிடக்கின்றன. மதமும் சாதியும் மணத்தைத் தடுக்கின்றன. கடனோ உறவை அறவிடாது நீடிக்கச் செய்கிறது. தந்தை உற்பத்திச் சாதனங்களின் உடைமையாளனாக உயர்வதற்கான விலையை மகளும் அவள் காதலனுமே செலுத்துகின்றனர்.

பழனியின் முடிவும் இவ்வாறே நோக்கத்தக்கது. மனைவியைப் பற்றிய அவதூறு பரவியதும் உடன்தொழிலாளர் அவனை வள்ளத்திற் சேர்க்க மறுக்கின்றனர். கூட்டுழைப்பிலிருந்து விலக்கப்பட்டவன் சிறு தோணியில் தனியே தூண்டிலிடச் செல்கிறான். சுறாவொன்று அவனைச் சுழிக்குள் இழுத்துச் செல்கிறது. அவனைக் கொன்றது கடலம்மா அன்று. கடலம்மாவை நம்பிய சமூகமே அவனைத் தனியனாக்கிச் சாவின் வாயிலில் நிறுத்தியது. நம்பிக்கை தன்னைத்தானே மெய்ப்பித்துக் கொள்ளும் விதம் இது.

இவ்வுண்மையைத் தன்னகத்தே கொண்டிருந்தும் திரைப்படம் அதனை இறுதிவரை பேணவில்லை. கரையிற் காதலரின் சந்திப்பையும் கடலிற் கணவனின் போராட்டத்தையும் இணைத்து நோக்க வைக்கும்போது, ஒன்று மற்றதன் தண்டனையெனும் உணர்வே பார்வையாளரிடம் எஞ்சுகிறது. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவும் சலில் சௌத்ரியின் இசையும் கடலுக்கு அளிக்கும் கம்பீரம் இத்தொன்மத்துக்கே வலுச்சேர்க்கின்றது. பி. பாஸ்கரனோடு சேர்ந்து 1954 இல் 'நீலக்குயில்' மூலம் சாதியச் சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர் காரியாட். 'தோட்டியின் மகன்' (1947), 'இரண்டிடங்கழி' (1948) ஆகியவற்றில் உழைப்பாளரின் வாழ்வை வர்க்க நோக்கிற் சித்திரித்தவர் தகழி. இப்பின்னணியில் இப்பின்னடைவு கவனத்துக்குரியதாகிறது.

எனினும், 'செம்மீனை' வெறும் கற்பொழுக்கப் பிரசாரமென ஒதுக்குவது இயந்திரப் பாங்கான விமர்சனமாகும். ஒரு படைப்பு வெளிப்படையாக மொழியும் தீர்ப்பும் அது காட்டும் வாழ்வும் முரண்படலாம். இங்கு தீர்ப்பு பழமையினது; சாட்சியமோ அதற்கு எதிரானது. அச்சாட்சியத்தைக் கொண்டு அத்தீர்ப்பை மறுப்பதே முற்போக்கு விமர்சனத்தின் பணியென நாம் கருதுகிறோம்.