பெயர் சுட்டாத மரபு

அந்தரங்கம் என்பது மேனாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த ஆடம்பரம் என்று சொல்வோர் நம்மிடையே உளர். கூடத்தில் பத்துப் பேர் பாய்விரித்து உறங்கிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாம். பகலில் கதவு சாத்தாத வீடுகளில் வளர்ந்தவர்கள். நமக்கு ஏது மறைவு என்று அவர்கள் கேட்பார்கள். கைப்பேசி நம் வரவு செலவையும் போக்குவரத்தையும் குறித்துவைத்துக்கொள்வதைப் பற்றி யாரேனும் கவலை தெரிவித்தால், மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கு என்ன அச்சம் என்பது அவர்களுடைய அடுத்த வினா. வீடுகளைப் பற்றி அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் ஒரு மக்களின் மனத்தை அவர்கள் கட்டிய வீட்டைக் கொண்டு மட்டும் அளந்தால் போதுமா? அவர்கள் கட்டிய பாட்டைக் கொண்டும் அளக்க வேண்டாமா?

தொல்காப்பியர் அகத்திணையியலில் ஒரு விதி வகுத்தார். அன்பின் ஐந்திணையைப் பாடும்போது ஒருவரையும் அவருடைய இயற்பெயரால் சுட்டலாகாது என்பது அவ்விதி. புறத்திணைக்கு இத்தடை இல்லை. பாரியும் அதியமானும் குமணனும் தத்தம் பெயரோடுதான் புறநானூற்றில் உலவுகிறார்கள். பெயர் சொல்லாவிட்டால் புகழ் யாரைச் சேரும்? அகத்திலோ தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற பொதுச் சொற்களே உள்ளன. பரணர் போன்றோர் ஆதிமந்தியையும் ஆட்டனத்தியையும் அகப்பாட்டுக்குள் அழைத்து வருவதுண்டு. அதுவும் உவமை அளவில்தான்.

இவ்விதிக்குக் கல்லூரி வகுப்புகளில் சொல்லப்படும் விளக்கம் நாம் அறிந்ததே. காதல் எல்லோர்க்கும் பொது. பெயர் புகுந்தால் பொதுமை கெடும் என்பர். பிழையான விளக்கம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அது பாதி விளக்கம் என்பது நம் கருத்து. மறுபாதியைக் காண வேண்டுமாயின் அப்பாட்டுகளில் வரும் ஊரைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

அது கண்மூடாத ஊர். சிலர் தமக்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், பலரறியப் பரவுவதை அலர் என்றும் உரைகாரர்கள் வேறுபடுத்துவர். தாய்க்கு ஐயம் பிறந்தால் மகள் வீட்டுக் காவலில் வைக்கப்படுவாள். இற்செறிப்பு என்று அதற்குத் துறைப்பெயரே உண்டு. வள்ளுவர் காமத்துப்பாலில் 115ஆம் அதிகாரத்தை அலருக்கென்றே ஒதுக்கினார். (அங்கே அலர் காதலர்க்குத் துணையாகவும் அமைகிறது என்பது வேறு சுவை.) ஆகவே பழந்தமிழர் வாழ்வில் மறைவு இருக்கவில்லை என்போர் அந்த ஊரைப் பற்றிச் சரியாகவே சொல்கிறார்கள். அவர்கள் காணத் தவறியது, பாட்டு அந்த ஊரோடு சேர்ந்துகொள்ளவில்லை என்பதை. அவள் உண்ணாததையும் உறங்காததையும், இரவுக்குறியில் காத்திருந்ததையும், தோழியிடம் பொய் சொன்னதையும் பாட்டு நமக்குச் சொல்கிறது. யார் அவள் என்று மட்டும் சொல்வதில்லை. அலர் தூற்றும் வாய்க்கு வேண்டியதோ அந்தப் பெயர் ஒன்றே.

இவ்விதியின் நுட்பம் முழுவதும் வெளிப்படும் இடம் நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய 188 அடிகள். கூதிர்கால மழைக்கு அஞ்சிக் கோவலர் நிரையோடு மேட்டுநிலம் நோக்கிப் பெயர்வதில் தொடங்கி, மாலை விளக்கேற்றும் மகளிர், அரண்மனையின் நெடுவாயில், யானைத் தந்தத்தால் இயன்ற கட்டில் என உள்ளே உள்ளே சென்று, கணவனைப் பிரிந்த அரசியின் அருகில் போய் நிற்கிறது பாட்டு. மேற்கட்டியில் எழுதப்பட்டிருக்கும் திங்களையும் உரோகிணியையும் நோக்கி அவள் பெருமூச்செறிகிறாள். பின்னர்க் காட்சி பாசறைக்கு மாறுகிறது. நள்ளிரவில் வாடைக்காற்றில் விளக்கின் சுடர் சாய, அரசன் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். ஒருபுறம் பிரிவு, மறுபுறம் காத்திருப்பு. இதனினும் தூய அகப்பொருள் வேண்டுமா? அரசன் பெயரும் அரசி பெயரும் பாட்டில் எங்குமே இல்லை.

ஆயினும் அதனை அகமென ஏற்க நச்சினார்க்கினியர் மறுத்துவிட்டார். பாசறையில் அரசனுக்கு முன்னே செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேப்பந்தார் கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. பூ இன்னதென்று சொன்ன அளவிலேயே ஆள் இன்னாரென்று விளங்கிவிட்டது. ஆகவே பாட்டு புறமாயிற்று என்பது அவர் முடிபு. ஏற்றோரும் மறுத்தோரும் இன்றுவரை உண்டு. ஒரு வேப்பந்தாருக்காக இத்துணைச் சிறந்த அகப்பாட்டை இழப்பதா என்று வருந்துவோர் பக்கம் நமக்கும் ஒரு சாய்வு உண்டு. ஆனால் இலக்கியத் தீர்ப்பு எதுவாயினும், அவர் கண்ட அடிப்படை மிகக் கூரியது. பெயரை நீக்கிவிட்டால் மட்டும் போதாது. பெயரைக் காட்டிக்கொடுக்கும் குறியும் பெயரே ஆகும்.

இதை உணராமற்போன ஒரு நிறுவனத்தின் கதை உண்டு. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஏறத்தாழ ஆறரை இலட்சம் பேர் மூன்று மாதங்களில் இணையத்தில் தேடிய சொற்களை ஆய்வாளர்களுக்கென வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கோர் எண் இட்டிருந்தார்கள். சில நாள்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணுக்குரிய முதிய பெண்மணியைக் கண்டுபிடித்துவிட்டனர். தம் ஊரில் தோட்ட வேலைக்கு ஆள், தம் குடும்பப் பெயருடையோர், தம் உடல் உபாதைகள் என்று அவர் தேடியவையே வேப்பந்தார்களாகி அவரைக் காட்டிக்கொடுத்தன.

நம் நாட்டுச் சட்டமும் காலம் தாழ்த்தியேனும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 228-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரையோ, அவளை இன்னாள் என்று அறிவிக்கக்கூடிய வேறெதனையுமோ வெளியிடுதல் குற்றம் என்றது அப்பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 72ஆம் பிரிவு அப்பணியைச் செய்கிறது. ஆயினும் செய்தித்தாளை விரித்தால் நாம் காண்பது என்ன? பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி. அதன் மேலும் கீழும் ஊரின் பெயர், தந்தையின் தொழில், கல்லூரி, வீட்டு வாசலின் படம். நச்சினார்க்கினியர் கையில் அச்செய்தியைக் கொடுத்தால் ஒரு நொடியில் புறமென்று எழுதிவிடுவார்.

1994இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை வெளியிட ஒரு தமிழ் இதழ் முற்பட்டது. சிறைத்துறை அதிகாரிகள் தடுக்க முயன்றனர். இதழாசிரியர் வழக்குத் தொடுத்தார். அவ்விதழின் பெயர் நக்கீரன். பெயர்ப் பொருத்தத்தை என்னென்பது! அதிகாரிகளின் அலுவற் செயல்களைப் பற்றிய எழுத்தை முன்கூட்டித் தடுக்க அரசுக்கு உரிமை இல்லை என்றது நீதிமன்றம். அதே மூச்சில், தனி மனிதரின் குடும்பம், மணவாழ்வு, தாய்மை, கல்வி ஆகியவற்றை அவர் இசைவின்றி எழுதலாகாது என்றும் கூறிற்று. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம். அவற்றில் இருந்தாலும் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடலாகாது. அகம் புறம் என்ற சொற்கள் அத்தீர்ப்பில் இல்லை, பாகுபாடு இருக்கிறது.

புறத்துக்குரியது பெயரோடும் கணக்கோடும் வெளிப்பட வேண்டும் என்பதும் நம் மரபே. பதிற்றுப்பத்தின் பதிகங்களைப் பாருங்கள். கபிலர் பெற்ற பரிசில் நூறாயிரம் காணமும், குன்றேறி நின்று கண்ணிற் கண்ட நாடும் என்று கொடுத்தவன் பெயரும் கொண்டவர் பெயரும் தொகையும் ஒளிவின்றிக் கூறப்பட்டுள்ளன. 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டமோ கட்சிகளுக்குக் கொடுத்தவர் யாரென்று குடிமக்கள் அறிய வழியில்லாமல் செய்தது. கொடையாளரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. ஆதார் வழக்கில் 2015இல், அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமையே அன்று என்று வாதிட்டதும் அரசுத் தரப்புதான். 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அது அடிப்படை உரிமையே என்றனர். 2024 பிப்ரவரி 15இல் ஐந்து நீதிபதிகள் தேர்தல் பத்திரத் திட்டத்தை ஒருமனதாக நீக்கினர். 2023இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காட்டவல்ல எந்தத் தரவும் அவருடைய சொந்தத் தரவே என்று வரையறுத்தது நன்று. அரசு தனக்கென்று அதில் விரிவான விலக்குகளை வைத்துக்கொண்டது நன்றன்று. அகத்தைப் புறமாக்குவதும் புறத்தை அகமாக்குவதும் நம் காலத்து அரசியலின் இயல்பாகிவிட்டது போலும்.

நீதிமன்றங்களை விட்டு நம் வீடுகளுக்கு வருவோம். கரோல்பாகிலும் மாதுங்காவிலும் குடியேறிய முந்தைய தலைமுறையினரைக் கேட்டால், பிழைப்புக்காக வந்தோம் என்பார்கள். சொல்லாத காரணம் ஒன்றும் சிலரிடம் இருந்தது. பெருநகரம் பெயர் கேட்பதில்லை. இன்னார் மகன், இன்ன தெரு, இன்ன குலம் என்று வினவுவார் இல்லாத இடத்தில் வேலைக்குப் போன பெண்ணும், மறுமணம் செய்துகொண்டவளும், குலம் கடந்து மணந்த இணையரும் மூச்சு விட்டார்கள். ஊர்வாய் எட்டாத தொலைவே அவர்களுக்கு வாய்த்த மறைவு.

அந்நாளில் செய்திகள் மறைவாகப் போயின என்று நாம் சொல்லவில்லை. அஞ்சலட்டையைப் படிக்காத தபால்காரர் உண்டா? அடுத்த வீட்டுத் தொலைபேசியின் எண்ணைப் பி.பி. எண் என்று எழுதிக் கொடுத்தோம். அவர்கள் கூடத்தில் நின்று பேசியதை அவ்வீட்டார் அனைவரும் கேட்டனர். ஆனால் கேட்டவர் முகம் நமக்குத் தெரியும். அவர்களும் சில நாளில் மறந்துவிடுவர். மறவாதவரும் மறந்தவர்போல் இருப்பர். அந்த நாகரிகத்தை எந்தப் பொறியும் கற்கவில்லை. இன்று நுழைவாயிலில் காவலாளி நம் கைப்பேசி எண்ணைக் கேட்கிறார். வாடகை வீட்டுக்கு ஆதார் அட்டையின் படியைக் கேட்கிறார்கள். அந்தப் படிகள் எந்த மேசை இழுப்பறையில் கிடக்கின்றன என்று நம்மில் யாருக்குத் தெரியும்?

பெயரோடு அச்சேறிய அகமும் நம் இலக்கியத்தில் உண்டு. புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் அவர் 1948இல் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் ‘கண்மணி கமலாவுக்கு’ என்னும் நூலாயின. திரைப்பட வேலைக்காகப் புனே சென்று நோயோடு திரும்பிய அவர் வாழ்வை, வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் தம் வீட்டுக் கதையாகவே படிக்க இயலும். இலக்கிய வரலாற்றுக்கு அந்நூல் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. எனினும் படிக்குந்தோறும் பிறர் வீட்டுக் கதவருகே நிற்கும் கூச்சம் நமக்கு ஏற்படுகிறது. ஏற்பட வேண்டும் என்றே கருதுகிறோம். அக்கூச்சமின்றி அதனைப் படிப்பவர் அந்தக் கடிதங்களின் அருமையையும் உணர மாட்டார்.

அலரும் இன்று நம்மைத் தேடிப் பெருநகருக்கு வந்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவின் வழியாக. அத்தையும் பெரியப்பாவும் அன்பினால்தான் கேட்கிறார்கள். நாமும் பெருமையினால்தான் மகளின் படத்தை அனுப்புகிறோம். அவள் கழுத்தில் தொங்கும் கல்லூரி அடையாள அட்டையும், பின்னால் தெரியும் விடுதிப் பலகையும் படத்தோடு போகின்றன. அங்கிருந்து இன்னொரு குழுவுக்கும் போகின்றன. படத்தை அனுப்பலாமா என்று அவளைக் கேட்கும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் வேரூன்றவில்லை.

சங்க மலர்களைப் பற்றியும் ஒரு சொல். முன்னைய மலர்களின் பின்பக்கங்களில் உறுப்பினர் பட்டியல் வீட்டெண்ணோடும் தொலைபேசி எண்ணோடும் அச்சாகும். புதிதாக வந்திறங்கிய குடும்பம் அதைப் பார்த்துத்தான் தன் ஊர்க்காரரைக் கண்டுபிடித்தது. அதன் பயனை மறுப்பார் இல்லை. அன்று அம்மலர் சில நூறு வீடுகளின் அலமாரிகளில் தங்கிற்று. இன்று மலர் மின்படியாகி எவர் கைக்கும் போகிறது. இனிவரும் பட்டியல்களில் பெயரும் ஊரும் மட்டும் இருக்கட்டும். வீட்டெண்ணும் கைப்பேசி எண்ணும் செயலாளரின் பதிவேட்டில் இருக்கலாம். வேண்டியவர் அவரிடம் கேட்க, அவர் உரியவரின் இசைவைப் பெற்றுத் தரலாம்.