கருப்பையில் 'பிழைத்தல்': போற்றித் திருவகவலை வாசிக்கும்போது



திருவாசகத்தின் நான்காவது பகுதி போற்றித் திருவகவல். தாயின் வயிற்றில் கரு மாதம் மாதமாகத் தாண்டி வரும் ஆபத்துகளை மாணிக்கவாசகர் அதில் வரிசையாகச் சொல்கிறார். இதைப் பற்றி எழுதச் சொன்னால், 'இன்றைய கருவியலை அன்றே துல்லியமாகச் சொல்லிவிட்டார்' என்ற வாக்கியம் தவறாமல் வந்துவிடும். படிக்கப் பெருமையாகத்தான் இருக்கு. சரிதானா என்று கொஞ்சம் சோதித்துப் பார்ப்போமே.

முதல் மாதக் கரு தான்றிக்காய் அளவு என்பது உரை. தான்றிக்காய் சுமார் 2 சென்டிமீட்டர். நான்கு வாரக் கருவோ சுமார் 5 மில்லிமீட்டர்தான். தொடக்கத்திலேயே 'துல்லியம்' இடறுகிறது. அடுத்து வருவதையும் பாருங்கள்: அஞ்சுக்கு முஞ்சுதல், ஆறுக்கு ஊறு, எட்டுக்குக் கட்டம், ஒன்பதுக்குத் துன்பம். எந்த மாதத்துக்கு எந்த ஆபத்து என்பதை முடிவு செய்வது எதுகை. எட்டும் ஒன்பதும் வெறும் பொதுச்சொற்களாக நின்றுவிடுகின்றன; அந்த இரண்டு அடிகளும் எனக்குச் சற்று மெலிந்தவையாகவே படுகின்றன.

அப்போ இந்தப் பாடத்தில் அறிவியலைத் தொடவே கூடாதா? தொடலாம், ஆனால் வேறு இடத்தில். மாதந்தோறும் திரும்பத் திரும்ப வரும் வினை 'பிழைத்தும்'. தப்பித்து வந்தேன் என்கிறார். "வயித்துக்குள்ள பத்திரமாத்தானே இருக்கு, எதுலருந்து தப்பிக்கணும் டீச்சர்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. நான் குடலை எடுத்துக்காட்டாகச் சொன்னேன்.

கருவுற்ற 6ஆம் வாரத்தில் நடுக்குடல் வேகமாக நீள்கிறது. கல்லீரல் பெருத்து இடத்தை அடைத்திருப்பதால் வயிற்றுக்குள் அதற்கு இடமில்லை. எனவே தொப்புள்கொடிக்குள் வெளியே போய்விடுகிறது. இது நோயல்ல, உங்களுக்கும் எனக்கும் நடந்ததுதான். தனக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியைச் சுற்றித் திரும்பியபடியே வளர்ந்து, 10ஆம் வார அளவில் உள்ளே வருகிறது. மொத்தச் சுற்று 270 பாகை. சுற்று குறைந்தால் பின்னாளில் குடல் முறுக்கிக்கொள்ளலாம். உள்ளே திரும்பாமலே நின்றுவிட்டால், மெல்லிய பைக்குள் குடல் தொப்புளில் பிதுங்கித் தெரியும்படி குழந்தை பிறக்கும். வயிற்றுச்சுவரின் பக்கங்களில் மூன்று அடுக்குத் தசை. இருபுறமும் நடுக்கோட்டில் சேர்கின்றன. அந்தக் கோட்டில் தொப்புள்கொடிக்காக விட்ட வாசல் பிறந்த பிறகுதான் அடைபடுகிறது.

இவ்வளவும் கேட்ட பிறகு 'பிழைத்தும்' என்ற சொல் மாணவர் காதில் வேறு மாதிரி விழும். ஆனால் மாத வரிசையில் மாணிக்கவாசகர் குடலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை அவர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

மாத வரிசைக்கு முன்பே, யானை முதல் எறும்பு வரையிலான பிறப்புகளைத் தாண்டி வந்ததையும் பாடுகிறார். நாம் அதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். பன்றிக் கருவிலும் மாட்டுக் கருவிலும் குடல் இப்படித்தான் வெளியே போய் வருகிறது. பிறகு பெருங்குடல் பன்றிக்குக் கூம்பு போலவும் மாட்டுக்குத் தட்டையான வட்டு போலவும் சுருள்கிறது. தொப்புள் வாசல் சரியாக மூடாத கன்றுகளுக்கும் பன்றிக்குட்டிகளுக்கும் குடல் தோலுக்கடியில் இறங்கி வீங்கும்; வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். (எறும்பு முட்டையிலிருந்து வருவது, அதற்குத் தொப்புளே கிடையாது!) ஆபத்தைத் தாண்டியே பிறக்கிறோம் என்பதில் மனிதனுக்குத் தனிச்சலுகை இல்லை, பாட்டின் வரிசையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

மாணவர்களே, விடைத்தாளில் 'அன்றே சொன்னார்' என்பதை அடித்துவிட்டு 'பிழை' என்ற சொல்லைப் பற்றி எழுதுங்கள். தவறுக்கும் அதுதான் சொல், உயிர் தப்புவதற்கும் அதுதான். பிறகு பத்தாம் மாதத்துக்கு வாருங்கள். ஒன்பது மாதங்களுக்கும் ஆளுக்கு ஓரடி கொடுத்தவர் இங்கே மட்டும் ஈரடி எடுத்துக்கொள்கிறார். அதுவரை கரு மட்டுமே பட்ட துயரம், இங்கே தாயும் சேயும் சேர்ந்து படும் கடலாகிறது.