துள்ளும் தந்திகள்

ஜே. பி. லெனோரை முதன்முறை கேட்பவர்கள் பெண் பாடுவதாகவே நினைப்பார்கள். அவ்வளவு உச்சக் குரல். 1929-இல் மிசிசிப்பியில் பிறந்து, சிகாகோவுக்குப் பிழைக்க வந்த கறுப்பின ப்ளூஸ் கலைஞர். வரிக்குதிரை வரிபோட்ட கோட்டை மாட்டிக்கொண்டு மின்கிதாரில் ஊரை ஆடவைத்தவர்.

1965-இல் ப்ளூஸ் இசைஞர் வில்லி டிக்சன் மேற்பார்வையில் சாதாரண மரக்கிதாரோடு உட்கார்ந்தார். ‘அலபாமா ப்ளூஸ்’ இசைத்தட்டு பிறந்தது. அலபாமாவின் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்கள் தடியடி வாங்கிய ஆண்டு அது. தட்டின் தலைப்புப் பாட்டில் கொலையும் இழப்பும்தான். ஆனால் கிதாரைக் கவனியுங்கள்: அடித்தந்தியின் நடை நிற்பதே இல்லை, அதன்மேல் மற்ற தந்திகள் துள்ளுகின்றன. சொல் அழும்போதும் தாளம் அழ மறுக்கிறது. நம்பிக்கை என்று நான் கேட்பது அந்தத் துள்ளலைத்தான். கத்திப் பாடியிருந்தால் இத்தனை உறைத்திருக்காது என்பது என் கட்சி.

இசைத்தட்டு ஐரோப்பாவில்தான் முதலில் வந்தது. 1966-இல் கறுப்பின உரிமைப் போராளி ஜேம்ஸ் மெரிடித் சுடப்பட்டதையும் பாட்டாக்கினார் லெனோர். மறு ஆண்டு, கார் விபத்துக்குச் சில வாரம் கழித்து, 38 வயதில் இறந்தார். இங்கிலாந்தின் ப்ளூஸ் பாடகர் ஜான் மேயால் அவருக்காக ஓர் அஞ்சலிப் பாட்டு எழுதினார்.