மலையக நூல்களும் இணைய விளம்பரமும்

தன் எழுத்தைத் தானே மக்களிடம் கொண்டுசேர்ப்பது இலங்கை மலையகத்துக்குப் புதிதல்ல. கோ. நடேசய்யர் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் நடத்திய காலத்தில், அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தம் பாடல்களைக் கூட்ட மேடைகளில் பாடினார். அவை 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று நூலாக வந்தன. இன்றும் மலையக எழுத்தாளர் பலர் கைக்காசு போட்டு அச்சிட்டு, வெளியீட்டு விழா வைத்துத்தான் விற்கிறார்கள். யார் பேசுவது, முதற்பிரதி யாருக்கு என்பதெல்லாம் ஆசிரியர் முடிவு. ஆனால் விழாவுக்கு வந்தவர்களைத் தாண்டி நூல் போவது அரிது. மிச்சப் பிரதிகள் பெட்டியோடு வீடு திரும்புகின்றன.

இந்தக் குறையை இணையக் கடை ஓரளவு தீர்க்கிறது. 2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் மின்நூல் கடை தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கியது. அச்சுச் செலவு இல்லை. அட்டை, விலை, அறிமுக வாசகம் எல்லாம் ஆசிரியர் கையில். தேடுசொற்களுக்கு ஏழு கட்டங்கள் உண்டு. அவற்றில் ‘மலையகம்’, ‘தேயிலைத் தோட்டம்’, ‘கங்காணி’ என்று எழுதினால், சென்னையிலும் டொராண்டோவிலும் அந்தச் சொற்களைத் தேடுகிறவர் கண்ணில் நூல் படும். தமிழ்நாட்டுக் கடைகளில் இடம் கிடைக்காத எழுத்துக்கு இது பெரிய வாசல்.

ஆனால் அந்த வாசல் கடைக்காரருடையது. நம் நூலின் பக்கத்திலேயே, பணம் கட்டிய வேறு நூல்கள் வரிசையாக நிற்கும். அதைத் தடுக்க ஆசிரியருக்கு உரிமையில்லை. அமேசான் நடத்திய ‘பென் டு பப்ளிஷ்’ எழுத்துப் போட்டியிலோ முதற்கட்டத் தேர்வில் விற்பனையும் வாசகர் கருத்துகளும் கணக்கில் எடுக்கப்பட்டன. அப்படியான ஏற்பாட்டில் எழுத்தை விட ஆள்பலம் முந்திக்கொள்ளும்.

இதனினும் கனமானது அமேசானின் ‘கேடிபி செலக்ட்’ என்ற திட்டத்தின் நிபந்தனை. அதில் சேர்ந்தால்தான் 90 நாளில் 5 நாள் நூலை இலவசமாகக் கொடுத்து வாசகரை இழுக்கலாம். இந்திய விற்பனையில் 70 சதவீத உரிமத்தொகையும் கிடைக்கும், இல்லையேல் 35தான். பதிலுக்கு அந்த 90 நாளும் மின்நூல் வேறு கடையிலோ திறந்த தளத்திலோ இருக்கக் கூடாது. 2005 முதல் ஈழத்து, மலையக எழுத்துகளை இலவசமாகக் காத்துவரும் நூலகம் தளத்திலும் கூடாது. விளம்பர வசதிக்கு விலையாகப் பொதுச் சேமிப்பைப் பூட்டச் சொல்வது சிறிய சமூகத்தின் இலக்கியத்துக்குக் கேடு.

யாரைப் பற்றி எழுதினோமோ அந்தத் தோட்ட மக்களுக்கு இந்தக் கடை எட்டுவதும் கடினம். அமேசானுக்கு இலங்கைக்கென்று தனிக் கடை இல்லை. வாங்க வெளிநாட்டுப் பணம் செலுத்தும் அட்டை வேண்டும். அச்சுப் பிரதியைத் தபாலில் வரவழைக்கலாமென்றால், தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான பல லயங்களில் வீட்டுக்குத் தனி முகவரி இல்லை. கடிதமே தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது.

ஆகவே இணையக் கடையை ஒதுக்க வேண்டாம். தூரத்து வாசகருக்கு அதுவே நல்ல வழி. தேடுசொல்லையும் அறிமுகத்தையும் பிறரிடம் விடாமல் ஆசிரியரே எழுதட்டும். ஆனால் 70 சதவீதத்துக்காகத் தனியுரிமையைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே போகக் கூடாது. தோட்டத்து வாசகசாலைக்குச் சில பிரதிகள், நூலகத்துக்கு ஒரு மின்பிரதி: இவ்விரண்டையும் ஒதுக்கி வைத்த பிறகே கடையோடு ஒப்பந்தம் செய்யுங்கள்.